கயிறு அறுந்தது, ஒட்டு விடவில்லை

பிரிந்து கிடந்தவற்றைப் பிணைத்து வைத்த பெருந்தகையே! உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் கார்பன் இழையையும் ஒரே உடம்பாக்கி, உட்கார்ந்தே கிடந்தவர்களை ஊரெல்லாம் உலவ வைத்த உழைப்பின் உருவே! கண்டிப்பிலே கனிவும் கனிவிலே கண்டிப்பும் கலந்து, கலந்த விகிதம் என்னவென்று மட்டும் கடைசிவரை காட்டிக்கொள்ளாத கலவை மேசையின் தலைவியே! முப்பத்தோராண்டுக் காலம் ஒரே ஜன்னலோரம், ஒரே மர முக்காலி, ஒரே சாம்பல் நிற மேலங்கி என்றிருந்தும் முகம் சுளிக்காத முத்தே! எங்கள் செயற்கைக் கால் பட்டறையின் ஒட்டுப் பிரிவுக்குத் தலைமை தாங்கி, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அருமை அக்காவே!

வணக்கம். முதல் பத்தி முடிவதற்குள் நீங்கள் கைக்குட்டையைத் தேடுவது மேடையிலிருந்து தெரிகிறது. பொறுங்கள், இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

இந்த இடத்திலிருந்து கொஞ்ச நேரம் உங்களை ‘அவர்’ என்றே சொல்லப் போகிறோம். ‘நீங்கள்’ என்று முகத்துக்கு நேரே சொன்னால், அதெல்லாம் ஒன்றுமில்லை, அடுத்த வரிக்குப் போங்கள் என்று குறுக்கே பேசிவிடுவீர்கள். ‘அவர்’ என்றால் யாரோ ஒருவருடைய கதை என்று பேசாமல் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் வேலை என்னவென்றே தெரியாமல் வந்திருக்கும் விருந்தினர்களுக்கும் அப்படிச் சொன்னால்தான் விளங்கும்.

சபையோரே, அக்காவின் மேசையில் எப்போதும் இரண்டு டப்பாக்கள் இருக்கும். ஒன்றில் ரெசின், மற்றொன்றில் ஹார்டனர். தனித்தனியாக வைத்தால் இரண்டும் மாதக்கணக்கில் பரம சாதுவாகக் கிடக்கும். சரியான எடையில் சேர்த்துக் கலக்கினால் நாற்பது நிமிடத்தில் குழைந்து, இறுகி, மறுநாள் காலையில் கல்லாகிவிடும். அதுதான் எபாக்ஸி. எங்கள் பட்டறையில் ஒரு செயற்கைக் காலின் கதியே அதன் கையில்தான் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே பொருந்தும் கிண்ணம், அதிலிருந்து இறங்கும் கார்பன் இழைக் குழாய், குழாயின் இரு நுனிகளையும் கவ்விப் பிடிக்கும் அலுமினியக் கழுத்துகள், அடியில் பிளாஸ்டிக் பாதம். இவற்றில் ஒன்றுக்கு ஒன்று உறவே கிடையாது. உறவு உண்டாக்கி வைப்பதுதான் அக்காவின் உத்தியோகம்.

அந்த உத்தியோகத்தை அவர் எப்படிச் செய்வார் என்பதைப் பார்க்காதவர்கள் பார்த்திருக்க வேண்டும். அலுமினியத்தின் பளபளப்பைக் கண்டால் அவருக்கு ஆகாது. உப்புத்தாள் எடுத்துத் தேய்த்து, அதன் மினுக்கெல்லாம் போய் மங்கலாகும் வரை விடமாட்டார். துடைத்துவிட்டு அதன்மேல் சொட்டுத் தண்ணீர் விடுவார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நின்றால் எங்கோ பிசுக்கு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம், மறுபடி முதலிலிருந்து. கண்ணாடி மேல் பரவுவதுபோல் தண்ணீர் படர்ந்தால்தான் தலையசைப்பார். கார்பன் இழையும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் காலப்போக்கில் உலோகம் அரித்துவிடும் என்பதால், நடுவிலே மெல்லிய கண்ணாடி இழைத் துணி ஒரு சுற்று. பிறகு தராசில் எடை பார்த்து, குவளையின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து, நிறத்தில் ஒரு கோடுகூடத் தெரியாமல் கலக்குவார். ஒட்டி முடித்ததும் மிஞ்சிய கலவையைச் சின்னக் காகிதக் குவளையில் ஊற்றி, தேதி எழுதி, ஜன்னல் விளிம்பில் வைப்பார். மறுநாள் காலை பட்டறைக்கு வந்ததும் முதல் காரியம், அந்தக் குவளையில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்ப்பது. நகம் பதியாமலிருந்தால்தான் அந்தக் கால் வெளியே போகும்.

ஆகவே யார் வந்து எவ்வளவு அவசரம் என்று கெஞ்சினாலும் அவர் வாயிலிருந்து வரும் பதில் ஒன்றே ஒன்றுதான்: “நாளைக்கு வாங்க.” இதனாலேயே பட்டறைக்கு வருகிறவர்களெல்லாம் அவருக்கு ‘நாளைக்கு அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் மேலாளரின் மூக்குக் கண்ணாடி ஒருமுறை உடைந்தபோது அவருக்கும் இதே பதில்தான். அன்று மாலை முழுக்கக் கண்ணாடியில்லாமல் கையெழுத்துப் போட்டவர், விடுப்பு விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் படிக்காமலேயே அனுமதித்துவிட்டார். ஒட்டுப் பிரிவுக்கு அவ்வளவு நல்ல நாள் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அதே மேலாளர் விரிசல் விட்ட தன் வீட்டு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அக்கா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த வகைப் பிளாஸ்டிக்கில் எபாக்ஸி பிடிக்காது, இது யாரோடும் சேராத பேர்வழி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாளி இன்றும் மேலாளரின் மேசைக்கடியில் குப்பைக்கூடையாக வாழ்கிறது.

இப்படிப்பட்டவர் ஒரே ஒருமுறை தன் சட்டத்தைத் தானே மீறினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால். அதைத்தான் இன்று சொல்லப் போகிறோம். பாராட்டு மடலில் தவறைச் சொல்லலாமா என்று எங்களுக்குள் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. அவருடைய பெருமை அந்தத் தவறுக்குப் பின்னால்தான் நிற்கிறது என்பதால், சொல்லியே தீருவது என்று முடிவானது.

அன்று காலை ஒன்பது மணிக்குப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தார். பதினான்கு வருடம் வண்டி ஓட்டியவர். ஒரு விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதன்பின் மூன்று வருடமாகப் பணிமனையில், பயணிகள் மறந்து விட்டுப்போன குடைகளுக்கும் சாப்பாட்டு டப்பாக்களுக்கும் சீட்டுக் கட்டி அடுக்கும் வேலை. செயற்கைக் காலோடு ஓட்டிக் காட்டினால் மறுபடி வண்டி தருகிறோம் என்று அலுவலகத்தில் இறங்கி வந்திருந்தார்கள். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அந்தச் சோதனை. தவறவிட்டால் அடுத்தது ஒரு வருடம் கழித்துத்தான், அதுவும் நிச்சயமில்லை. அவருடைய பழைய காலின் குழாய் முந்தின நாள் மாடிப்படியில் இடித்து விரிசல் கண்டிருந்தது.

“இன்னைக்கே வேணும் அக்கா,” என்றார் ஓட்டுநர். “நாளைக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க. மூணு வருஷமா குடைக்குச் சீட்டுக் கட்டிக்கிட்டு இருக்கேன். மழை பெஞ்சாலே எனக்கு அழுகை வருது.”

அக்கா அவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மூலையிலிருந்த சூட்டு அலமாரியைப் பார்த்தார். அறுபது டிகிரிச் சூட்டில் வைத்தால் ஒரு நாள் இறுக வேண்டியது இரண்டரை மணி நேரத்தில் இறுகிவிடும். அது முறைதான், தவறில்லை. மறுநாள் நகத்தால் அழுத்திப் பார்க்கும் வரை காத்திருக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை. செய்து தருகிறேன் என்றார். பட்டறையே திரும்பிப் பார்த்தது.

தேய்த்தார், துடைத்தார், தண்ணீர் விட்டுப் பார்த்தார், துணி சுற்றினார். எதிலும் ஒரு பிசகில்லை. கலக்கும்போதுதான் சறுக்கல். அந்த வாரம் புதிதாக வந்திறங்கிய ஹார்டனர் டப்பா பழையதைப் போலவே அதே நிறம், அதே மூடி. ஆனால் உள்ளே இருந்தது வேறு வகை. பழையதில் நூறு கிராம் ரெசினுக்கு ஐம்பது கிராம். புதியதில் எண்பது. லேபிளில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. ஒவ்வொரு முறையும் லேபிளைப் படித்துவிட்டுக் கலக்கவும் என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியவரே அவர்தான். அன்று கை பத்தொன்பது வருடப் பழக்கத்தில் ஐம்பதை ஊற்றியது.

கால் மூன்று மணிக்குள் தயாராகிவிட்டது. ஓரத்தில் கசிந்திருந்த பசை விரலுக்குக் கெட்டியாகத்தான் பட்டது. ஓட்டுநர் சோதனையில் தேறினார். ஐந்து மணிக்குப் பட்டறைக்கே திரும்பி வந்து ஆளுக்கொரு இனிப்பைக் கையில் திணித்தார். மறுநாள் காலைக்கே அவருக்கு வண்டி ஒதுக்கிவிட்டார்களாம். “எட்டே முக்காலுக்கு உங்க வாசல் வழியாத்தான் போவேன். எல்லாரும் நின்னு கை காட்டணும்,” என்றார். கை காட்டுவதோடு விட்டுவிடுவோமா நாங்கள்? அன்று மாலையே பெரிய அட்டையில் ‘வாழ்த்துகள்’ என்று எழுதி, நான்கு வண்ணத்தில் பூ வரைந்து தயாராக வைத்துவிட்டோம்.

மறுநாள் அக்கா எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வந்தார். மேலங்கியை மாட்டிக்கொண்டு ஜன்னலருகே போனார். வரிசையாக ஐந்து குவளைகள் இருந்தன. முதல் நான்கும் பழைய டப்பாவில் மற்றவர்கள் கலக்கியவை. நகம் வழுக்கியது. ஐந்தாவது அவருடையது. நகம் உள்ளே இறங்கியது. எடுத்த பிறகும் பிறைநிலா மாதிரி பள்ளம் அப்படியே நின்றது.

குவளையைச் சூட்டு அலமாரியில் வைக்காததால் அப்படி இருக்கலாம் என்று ஒரு நொடி மனம் சமாதானம் தேடியதாம். இதை அவரே பிற்பாடு எங்களிடம் சொன்னார். மற்ற நான்கும்தான் அலமாரிக்குப் போகவில்லை, அவை இறுகவில்லையா என்று அடுத்த நொடியே தோன்றிவிட்டது. டப்பாவை எடுத்து லேபிளைப் படித்தார். எண்பது என்றிருந்தது. இடது கால் என்றால் கிளட்ச். எங்கள் வாசலைத் தாண்டினால் பாலம்வரை நெடுஞ்சரிவு. வண்டி நிறைய ஆட்கள்.

பணிமனைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். வண்டி புறப்பட்டுப் பத்து நிமிடம் ஆகிவிட்டது, ஓடுகிற வண்டிக்குத் தகவல் சொல்ல வழியில்லை என்றார்கள். பட்டறை வாசலில் பேருந்து நிற்காது. அதற்கு முந்தின நிறுத்தம் தண்ணீர்த் தொட்டியருகே, இருநூறு அடி மேலே. அக்கா குவளையைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து ஓட ஆரம்பித்தார். அந்த உடம்பும் வலி பிடித்த அந்த முழங்காலும் ஓடி நாங்கள் பார்த்ததேயில்லை. உற்சாகம் தாங்காமல் முன்னாலேயே போய் வரவேற்க ஓடுகிறார் என்று நினைத்து, நாங்களும் அட்டையைத் தூக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினோம். இன்று நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நிறுத்தத்தில் வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் எங்களையும் அட்டையையும் பார்த்து ஒலிப்பானை அழுத்தினார். அக்கா முன் கதவு வழியாக ஏறினார். டிக்கெட் எடுக்காமல் ஓட்டுநரோடு என்ன பேச்சு என்று கண்டக்டர் அம்மாள் அதட்டினார். அக்கா அவரைத் தாண்டிப் போய், ஓட்டுநரின் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“வண்டிய அணைச்சிடுங்க. கால கழட்டிக் கொடுங்க. ஒட்டு சரியா பிடிக்கல.”

ஓட்டுநர் முதலில் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். வண்டி அணைந்தது.

“நேத்து வரைக்கும் நொண்டிக்கு எதுக்கு வண்டின்னு கேட்டாங்க,” என்றார், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. “இன்னைக்கு நடுரோட்டுல நின்னா, சொன்னது சரியாப் போச்சும்பாங்க. பாலத்தைத் தாண்டி ஒரு நடை மட்டும் போயிட்டு வந்துடறேன் அக்கா.”

“வேணாம். சரிவுல கிளட்ச் மிதிக்கும்போது கால் திரும்பிடும். தப்பு உங்க மேல இல்ல, என் கை மேல. யார்கிட்ட சொல்லணுமோ அங்க நானே வந்து சொல்றேன்.”

ஓட்டுநர் கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டினார். பயணிகள் பார்க்கப் பார்க்கக் காலைக் கழற்றி நீட்டினார். அக்கா குழாயை ஒரு கையாலும் அலுமினியக் கழுத்தை இன்னொரு கையாலும் பிடித்து, துணி பிழிவதைப்போல் முறுக்கினார். கிறீச்சென்று ஒரு சத்தம். கழுத்து அரை வட்டம் திரும்பியது. அதுவரை வேலைக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள் இருக்கையை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தார்கள். அக்கா பயணிகள் பக்கம் திரும்பி, இந்தக் காலை ஒட்டியது நான்தான், பசையை அளவு தவறிக் கலந்துவிட்டேன், ஓட்டுநரிடம் ஒரு குறையுமில்லை, உங்களைத் தாமதப்படுத்தியதற்கு மன்னியுங்கள் என்று சொன்னார். பின் இருக்கை வரை கேட்டது.

மாற்று ஓட்டுநர் வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. ஓட்டுநர் வண்டிப் படியில் உட்கார்ந்துகொண்டார். அக்காவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்களுக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பூப்போட்ட அட்டையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் அதற்குப் பின்னால் நாங்களே ஒளிந்துகொண்டு நின்றோம். கடைசியில் ஓட்டுநர்தான் எங்களை நிமிர்ந்து பார்த்து, “அதை மடிச்சு வைங்க. மறுபடி வேணும்,” என்றார். அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அங்கிருந்து நேராக இருவரும் பணிமனைக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி ஆரம்பத்திலிருந்தே இதற்கு ஒப்பாதவர். முதல் நாளே இப்படியா, நான் அப்போதே சொல்லவில்லையா என்று தொடங்கினார். அக்கா அவரைப் பேசி முடிக்க விட்டார். பிறகு குவளையை அவர் மேசையில் வைத்து, நகத்தை அழுத்திக் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தவறு தன்னுடையது மட்டுமே என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

“இன்னொரு தடவை இப்படி நடக்காதுன்னு நான் எப்படிம்மா நம்பறது?” என்று கேட்டார் அதிகாரி.

“நம்ப வேணாம் சார். இழுத்துப் பாருங்க.”

எதை இழுப்பது என்று அதிகாரிக்கு விளங்கவில்லை. அக்கா நான்கு நாள் கேட்டார்.

அன்று மாலை வீடு திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். அவர் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இதோ, முன்வரிசையில்தான் இருக்கிறார். முழுவதையும் கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். எண்பதுக்கு ஐம்பது என்றால் எட்டில் மூன்று பங்கு குறைவு, இறுகாதது நியாயம்தான் என்றாராம். இந்த நேரத்திலும் கணக்கா என்று அக்கா சீறியிருக்கிறார். “ஊத்துனதுல எட்டில் மூணு பங்கு குறைஞ்சது,” என்றார் வாத்தியார். “ஓடிப்போய் சொன்னதுல ஒண்ணும் குறையல. சாப்பிடு.”

மறுநாள் அக்கா மேலாளரிடம் போய், கலவை மேசையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், நான் பாதங்களுக்குச் சாயம் பூசுகிற பகுதிக்குப் போகிறேன் என்றார். மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குவளை இறுகாதது உங்களைத் தவிர வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றார் அக்கா.

“அப்போ நீங்க சொல்லாம இருந்திருந்தா?”

“கால் சொல்லியிருக்கும் சார்.”

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசை உங்களுடையதுதான், ஆனால் இனிமேல் தனியாகக் கலக்கக்கூடாது, ஒருவர் லேபிளை வாய்விட்டுப் படிக்க வேண்டும், இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார். அன்று தொடங்கியது எங்கள் பட்டறையின் பாராயணம். பக்கத்துக் கட்டடக்காரர்கள் இன்னும் எங்களை ஏதோ மந்திரம் சொல்கிற கூட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

புதுக் கால் தயாரானது. கூடவே, அதே கலவையில், அதே நேரத்தில், அதே மாதிரி ஒரு குழாயையும் கழுத்தையும் சோதனைக்கென்று ஒட்டினார் அக்கா. சூட்டு அலமாரியின் பக்கமே போகவில்லை. மூன்று நாள் ஜன்னலோரம் பொறுமையாக இறுக விட்டார். நகம் பதியவில்லை. நான்காம் நாள் காலையில் அந்தச் சோதனைத் துண்டை எடுத்துக்கொண்டு பணிமனைக்குப் போனார். நாங்களும் போனோம், மடித்து வைத்த அட்டையோடு.

பணிமனை முற்றத்தில் சோதனைத் துண்டின் இரு முனைகளிலும் துளையிட்டு இரும்புக் கொக்கி மாட்டி, பக்கத்துக்கொரு தடித்த கயிறு கட்டினார்கள். ஒரு பக்கம் எட்டு ஓட்டுநர்கள். மறுபக்கம் எட்டுக் கண்டக்டர்கள், நமது கண்டக்டர் அம்மாள் முதல் ஆளாக. விசில் ஊதியதும் இழுத்தார்கள் பாருங்கள். ஓட்டுநர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் வருடக்கணக்கில் தீர்க்க வேண்டிய வழக்குகள் இருந்திருக்க வேண்டும், அப்படி ஒரு இழுப்பு. துண்டு அந்தரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கண்டக்டர் பக்கம் தளர்வதைக் கண்டு பொறுக்காத அதிகாரி, கழுத்துப் பட்டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் தானும் கயிற்றைப் பிடித்தார். மனிதர் கனமானவர். படீரென்று ஒரு சத்தம். பதினேழு பேரும் இரு பக்கமும் மல்லாந்து விழுந்தார்கள்.

அக்கா கண்ணைத் திறந்தபோது முற்றம் முழுக்கக் கால்களாகத் தெரிந்தனவாம். ஒட்டுதான் போய்விட்டதென்று நினைத்து ஓடிப்போய்த் துண்டை எடுத்தார். குழாயும் கழுத்தும் வைத்தது வைத்தபடி இருந்தன. அறுந்தது கயிறு.

அதிகாரி எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். “முதல்ல இந்தக் கயிறு வாங்குனது யாருன்னு பாருங்க,” என்றார். பிறகு உள்ளே போய் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை எட்டே முக்காலுக்கு அந்தப் பேருந்து எங்கள் வாசல் வழியாகப் போயிற்று. அட்டையில் மடிப்பு விழுந்து பூக்கள் கொஞ்சம் கசங்கியிருந்தன, யார் கவனித்தார்கள்? ஓட்டுநர் ஒலிப்பானிலிருந்து கையை எடுக்கவேயில்லை. பயணிகளில் சிலர் முந்தைய வாரம் அதே வண்டியில் இருந்தவர்கள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர்களும் ஆட்டினார்கள். அக்கா மட்டும் கை காட்டவில்லை. வண்டி சரிவில் இறங்கி, பாலத்தில் ஏறி, மறுகரையில் ஒரு புள்ளியாகும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். அதற்கப்புறம்தான் மூச்சுவிட்டார். ஓட்டுநர் அதன்பின் ஒன்பது ஆண்டுகள் அந்தத் தடத்திலேயே ஓட்டி, ஒரு சிராய்ப்பில்லாமல் ஓய்வு பெற்றார். இன்று நான்காவது வரிசையில், தன் மூன்றாவது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்றும் அக்கா ஒட்டியவையே.

கதை முடிந்தது அக்கா. இனி ‘நீங்கள்’ என்றே சொல்கிறோம்.

எங்கள் அன்பிற்கினியவரே! பதினோராயிரத்துச் சொச்சம் இணைப்புகளை உங்கள் கைகள் செய்திருப்பதாகப் பதிவேடு சொல்கிறது. அந்தப் பதினோராயிரத்தில் ஒன்றே ஒன்று பிடிக்காமல் போனது. அதையும் முதலில் கண்டுபிடித்தது நீங்கள், முதலில் ஓடியது நீங்கள், முதலில் ஒப்புக்கொண்டதும் நீங்கள். உங்களால் சொந்தக் காலில் நிற்பவர்கள் என்று எழுதினால் அது இந்த ஊரில் வெறும் அலங்கார வார்த்தையாக இருக்காது. படியேறும் தபால்காரரும், பந்து விரட்டும் பள்ளிச் சிறுமியும், ஏணியில் நின்று பெயர்ப்பலகை எழுதும் ஓவியரும் அதற்குச் சாட்சி.

ஓங்கிய உடல்நலமும் ஓயாத சிரிப்பும் உடன்வர, கணக்கு வாத்தியாரின் கணக்குக்கும் அடங்காத ஆண்டுகள் நீங்கள் வாழ வேண்டும்! முழங்கால் வலி முகவரி தெரியாமல் போக வேண்டும்! காலையில் எட்டு மணிக்கு எழுந்திருக்க அனுமதி உண்டு என்பதை மெல்ல மெல்லவாவது நீங்கள் நம்ப வேண்டும்! வாத்தியார் ஐயா எங்களிடம் தனியாக முறையிட்டபடி, உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஆடும் காலைப் பதினாறு வருடத்துக்குப் பிறகேனும் நீங்கள் கவனிக்க வேண்டும்!

கடைசியாக ஒன்று. இது முன்பே எழுதி வைத்ததில்லை, இன்று காலை கையால் சேர்த்தது. முப்பத்தோராண்டுகளாக நீங்கள் கைகளுக்குக் களிம்பு எதுவும் பூசியதில்லை. அதன் எண்ணெய் துளி பட்டாலும் ஒட்டுப் பிடிக்காது என்பதற்காகக் குளிர்நாளில் விரல்கள் வெடித்தபோதும் பூசாமலிருந்தீர்கள். இன்று காலை நீங்கள் பட்டறைக்குள் நுழைந்தபோது ரோஜா வாசனை உங்களுக்கு முன்னால் வந்தது. கை நிறையக் களிம்பு பூசிக்கொண்டு, சிறுபிள்ளை மாதிரி சிரித்தபடி, மேசை மேசையாகப் போய் எங்கள் ஒவ்வொருவர் கையையும் இரண்டு கைகளாலும் பற்றிக் குலுக்கினீர்கள். இப்போது எங்கள் எல்லோர் கையிலும் அந்த வாசனைதான். இந்தக் கைகளோடு அலுமினியத்தைத் தொட முடியாது, குழாயைத் தொட முடியாது, கலவை மேசைப் பக்கமே போக முடியாது. மேலாளரிடம் முறைப்படி தெரிவித்தோம். அவர் தன் கையையும் முகர்ந்து பார்த்துவிட்டு, பட்டறைக்கு இன்று விடுமுறை என்று அறிவித்துவிட்டார்.

என்றும் உங்கள் அன்பில் பிணைந்திருக்கும்,
ஒட்டுப் பிரிவு, சாயப் பிரிவு, பொருத்தும் பிரிவு ஊழியர்களும்,
மூக்குக் கண்ணாடி அணிந்தே இதில் கையெழுத்திட்ட மேலாளரும்.